கான்பான் அட்டையும் அப்பாவின் அடையாள அட்டையும்

திராய்மடு,
2008 ஐப்பசி, சனிக்கிழமை இரவு.

அன்புள்ள ஜெயந்தன் மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை ஒருவருக்கும் காட்ட வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். முக்கியமாக, உங்களோடு ஒரே அறையில் இருக்கும் நிலோஜன் அண்ணாவுக்குக் காட்ட வேண்டாம். அவர் நல்லவர்தான். ஆனால் அவருடைய அம்மா எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். ஜப்பானில் நீங்கள் தும்மினால் அந்த அம்மா இங்கே கொத்தமல்லி அவிக்கத் தொடங்குவார். வாசித்து முடித்ததும் கிழித்துவிடுங்கள், மாமா.

மாமாங்கேஸ்வரர் துணையால் நாங்கள் எல்லோரும் நலம், நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் வரியே பொய்யாகப் போவதால் அதை விட்டுவிடுகிறேன். நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அப்பாவிடம் அடையாள அட்டை இல்லை. அம்மாவிடம் பயம் இல்லை. எனக்குப் பயம் நிறைய இருக்கிறது, என்றாலும் திங்கட்கிழமை நான் போகத்தான் போகிறேன். எங்கே என்று பிறகு சொல்கிறேன். உங்களுக்கு ஒரு சொல்லும் எழுதக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார், அதனால் மா மூட்டைக்குப் பின்னால் குப்பி விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் விளக்கைக் குறை சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் நீங்கள் எழுதிய அந்த நீளமான கடிதம்தான். நாவலடியில் வீட்டையும் அப்பாவின் தோணியையும் கடல் கொண்டுபோன பிறகு சுனாமிச் சனத்துக்குக் கட்டிக் கொடுத்த இந்தத் திட்ட வீட்டுக்கு வந்து, அம்மா இடியப்பம் அவித்து விற்கத் தொடங்கியது உங்களுக்குத் தெரியும். ஏறாவூரில் ஆசியா உம்மா அரிசி மா இடித்து வறுத்து வைப்பார், அப்பா சைக்கிளில் போய் ஏற்றி வருவார், அம்மா பிழிந்து அவிப்பார், சந்தியில் கோணாமலை மாமாவின் தேநீர்க் கடையில் அது விற்கும். விற்காத நாளில் நாங்கள் தின்போம். விற்காத நாட்கள்தான் கூட. ஒரு நாள் ஹர்த்தால் என்பார்கள், ஒரு நாள் சுற்றிவளைப்பு என்பார்கள், ஒரு நாள் வீதியை மூடுவார்கள், மறுநாள் திறப்பதாகச் சொல்லி மூடுவார்கள். அம்மா மட்டும் எதுவும் நடக்காதது போலப் பெட்டி நிறைய அவித்து வைத்திருப்பார். காலையில் இடியப்பம், மத்தியானம் அதையே உதிர்த்துத் தாளித்தது, இரவு அதையே எண்ணெயில் பொரித்தது. எங்களைக் கண்டால் கோழிகள் வேலிக்குள் ஒளித்தன. ஒரு நாள் அப்பா தட்டைப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கடல் பரவாயில்ல புள்ள" என்று சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் அம்மா அழுதுகொண்டு உங்களுக்கு எழுதினார். நீங்கள் ஆறுதலாக நாலு வரி எழுதியிருக்கலாம். கான்பான் எழுதினீர்கள்.

அதை நான்தான் சத்தமாக வாசித்தேன். கான்பான் என்றால் கடை வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை, தூரத்தில் வரும்போதே கண்ணில் படுவது. இரண்டு எழுத்து. முதல் எழுத்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்ப்பது. இரண்டாவது, பலகை. நீங்கள் இரண்டையும் பெரிதாகக் கீறிக் காட்டியிருந்தீர்கள். அப்பா முதல் எழுத்தைக் கண்டதும், தோணியில் நின்று கரை பார்ப்பது போலக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்து, "சரியாத்தான் கீறியிருக்கானுகள்" என்றார். பிறகு கதை வந்தது. யுத்தத்தில் தோற்றுக் கையில் ஒன்றும் இல்லாமல் நின்ற காலத்தில், டொயோட்டா கம்பனிக்குச் சாமான்களை மலைபோலச் செய்து அடுக்கி வைக்க வசதி இருக்கவில்லை. அமெரிக்காவில் பெரிய கடைகளில் ஆட்கள் தட்டிலிருந்து தாங்களே எடுத்துப் போவார்கள், எவ்வளவு குறைகிறதோ அவ்வளவைத்தான் கடைக்காரர் திரும்ப அடுக்குவார் என்று அவர்களுடைய பொறியியலாளர் ஒருவர் அறிந்துகொண்டார். தொழிற்சாலையையும் அப்படி நடத்தினால் என்ன என்று யோசித்தார். அடுத்த வேலை செய்பவர்தான் வாடிக்கையாளர். அவர் எடுக்கும் பெட்டியில் ஒரு அட்டை இருக்கும். எடுத்ததும் அந்த அட்டை முந்தின வேலை செய்பவரிடம் திரும்பிப் போகும். அட்டை வந்தால் அதில் உள்ள அளவு செய். வராவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு இரு. அட்டை இல்லாமல் ஒரு ஆணியும் நகரக் கூடாது. பலகையின் பெயரே அந்த அட்டைக்கும் வந்துவிட்டது.

நான் மூச்சு வாங்க நிறுத்தினேன். அம்மா, "கடைக்காரன் கேட்டாத்தான் அவிக்கிற. இதச் சொல்றதுக்கு இவன் ஜப்பானுக்குப் போனவனா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் உரலைத் துடைத்தார். பிறகு, "மறுகா அந்த அட்டைக் கதைய இன்னொருக்கா வாசிகா" என்றார். இரண்டாம் முறை வாசித்து முடித்தபோது அவர் முகம் மாறிவிட்டது. "கையில ஒண்டுமில்லாதவனுகள் கண்டுபிடிச்சதுதானே. அப்ப அது நமக்குத்தான்" என்றார். மாமா, அந்த நேரத்தில் நீங்கள் இங்கே இருந்திருந்தால் கடிதத்தைப் பறித்து அடுப்பில் போட்டிருப்பீர்கள்.

அட்டைகளை நான்தான் செய்தேன். நிவாரணம் வந்த பெட்டிகளை வெட்டி, சிவப்பரிசிக்குச் சிவப்பு, வெள்ளை மாவுக்கு வெள்ளை என்று பூசினேன். பார்த்தவுடன் விளங்க வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்தபடியால் சொல் ஒன்றும் எழுதவில்லை. வட்டமாக ஒரு தட்டு, அதற்குள் சுருள் சுருளாக இடியப்பம், பக்கத்தில் எத்தனை என்ற எண், கீழே அட்டை திரும்ப வேண்டிய பக்கத்துக்கு ஒரு அம்புக்குறி. அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். பிள்ளையார் சுழி போட்ட மாதிரி இருக்கட்டும் என்று, உங்கள் கடிதத்தைப் பார்த்து அந்த இரண்டு ஜப்பான் எழுத்தையும் ஒவ்வொரு அட்டையின் தலையிலும் எழுதிவிட்டேன். எல்லாரும் மெச்சினார்கள். "சாமி படம் மாதிரி இரிக்கி" என்று ஆசியா உம்மா கூடச் சொல்லியனுப்பினார்.

முதல் கிழமை தேன் மாதிரிப் போனது. ஒரு இடியப்பமும் மிஞ்சவில்லை, கோழிகள் வெளியே வந்தன. இரண்டாம் கிழமை கோணாமலை மாமாவின் ஆடு ஒரு அட்டையைத் தின்றுவிட்டது. விடியப் பஸ் ஏறுகிற சனமெல்லாம் கடையில் காத்திருக்க, அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, சனம் நிக்கி. நாப்பது தாங்க."

"அட்டை?"

"அதத்தான் ஆடு திண்டிட்டே."

"அப்ப ஆட்டுக்கு அவிச்சுத் தாறன், கூட்டிட்டு வா."

"நான் ஆளே வந்து நிக்கன் அக்கா, மறுகா என்னத்துக்கு அட்டை?"

"நீ வந்தா என்ன தம்பி, ஒன்ட முகத்துல எத்தினை எண்டு எழுதியிருக்கா?"

நான் கெஞ்சி, புதிய அட்டை செய்து அவர் கையில் கொடுத்து, அவர் அதை வாசலுக்கு வெளியே கொண்டுபோய்த் திரும்ப உள்ளே கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் அம்மா அடுப்பை மூட்டினார். இதற்குப் பிறகு அம்மா சுவரில் மூன்று ஆணி அடித்தார். ஒரு நேரத்தில் கையில் மூன்று அட்டைதான் இருக்கலாம், ஒன்று முடிந்து ஆணி காலியாகாமல் இன்னொன்றை எடுக்கிறதில்லை. இதுவும் உங்கள் கடிதத்தில் இருந்ததுதான், கடைசிப் பக்கத்தில். வீட்டு வேலைக்கும் தனியாக ஒரு பலகை வந்தது. செய்ய வேண்டியது, செய்கிறது, செய்து முடித்தது என்று மூன்று கோடு. அப்பாவின் 'கூரை ஒழுக்கு அடைத்தல்' அட்டை ஆனி மாதம் தொடக்கம் நடுக்கோட்டில் தொங்குகிறது. அது முடியும் வரைக்கும் தனக்கு வேறு வேலை தரக் கூடாது என்று அவர் கான்பான் சட்டத்தைக் காட்டிப் பாயில் படுத்துக்கொள்கிறார். ஜப்பான்காரர் இதை யோசிக்கவில்லை போல.

இனித்தான் விசயம். வியாழக்கிழமை அப்பா மா எடுக்க ஏறாவூருக்குப் போனார். சேர்ட் பொக்கற்றில் ஆசியா உம்மாவுக்குக் கொடுக்க வேண்டிய அட்டைகள். நடுவழியில் ஆமிச் சென்றியில் மறித்தார்கள். தினமும் மறிப்பதுதான். அடையாள அட்டையை எடுக்கும்போது எங்கள் அட்டைகளும் சேர்ந்து வெளியே வந்து நிலத்தில் விழுந்தன. சிப்பாய் ஒன்றை எடுத்துப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், கோப்ரலைக் கூப்பிட்டார், கோப்ரல் முகாம் பெரியவரைக் கூப்பிட்டார். மாமா, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு அந்த அட்டையை ஒரு தரம் நினைத்துப் பாருங்கள். வட்டம், அதற்குள் சுருளாகக் கம்பி மாதிரி ஒன்று, நாற்பது என்ற எண், ஏறாவூர்ப் பக்கம் காட்டும் அம்புக்குறி, மேலே சிங்களமும் இல்லாத, தமிழும் இல்லாத, இங்கிலீசும் இல்லாத எழுத்து. நானே சென்றியில் நின்றிருந்தால் என்னைப் பிடித்திருப்பேன்.

"மே மொக்கத?", இது என்ன என்று பெரியவர் கேட்டிருக்கிறார். அப்பா அது இடியப்பம் என்று சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் சரி. பிறகு எழுத்தைக் காட்டி, இது என்ன பாசை என்று கேட்டிருக்கிறார்.

"ஜப்பான், சேர்."

"ஜப்பான்ல யார் இருக்கு?"

அப்பாவுக்கு அந்த இடத்தில் நா தடுமாறிவிட்டது. வெளிநாட்டில் ஆள் இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி எங்கே போகும் என்று எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். "ஒருத்தருமில்ல, சேர்" என்று சொல்லிவிட்டார்.

"ஒருத்தரும் இல்லாம ஜப்பான் எழுத்து எப்பிடி வந்த?"

"சுனாமியில வந்த, சேர்."

நிவாரணப் பெட்டியில் இருந்ததைப் பார்த்து எழுதியது என்று சொல்ல நினைத்தாராம். வாயில் வந்தது இவ்வளவுதான். பெரியவர் சிரிக்கவில்லை. எழுதியது யார் என்று கேட்டார். அப்பா மகள் என்று சொன்னார். பெரியவர் அட்டைகளையும் சைக்கிளையும் அப்பாவின் அடையாள அட்டையையும் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலை எழுதிய ஆளைக் கூட்டி வா என்று அனுப்பிவிட்டார். அப்பா வயல் வரம்பாலே நடந்து வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து வாசலுக்கு வெளியே கால் வைக்கவில்லை. அடையாள அட்டை இல்லாத ஆம்பிளையை இந்த நாட்களில் எங்கே வைத்தும் பிடிக்கலாம், பிடித்தால் எங்கே என்று கேட்கக் கூட முடியாது. அட்டை இல்லாமல் எதுவும் நகரக் கூடாது என்பது ஜப்பான்காரரின் சட்டம் மட்டும் இல்லை, மாமா.

வீட்டில் மூன்று நாளாக மூன்று கட்சி. அட்டையில் எழுதியது 'நான்தான்' என்று தானே போய்ச் சொல்வதாக அப்பா நிற்கிறார். அதற்காக அந்த எழுத்தை மண்ணில் எழுதிப் பழகுகிறார். முதல் எழுத்து ஏணியில் ஏறிய நண்டு மாதிரி வருகிறது. இரண்டாவது வரவேயில்லை. ஒரு கூடை இடியப்பமும் சம்பலும் கொண்டு தானே போவதாக அம்மா நிற்கிறார். "திண்டு பாக்கட்டும். இது குண்டா இடியப்பமா எண்டு வாய்க்குத் தெரியும்தானே?" என்கிறார். அட்டைகளை எரித்துவிடுவோம் என்று அப்பா சொன்னதற்கு, "கடல் எடுத்ததுக்குத்தான் ஒண்டும் கேக்க ஏலாமப் போயிற்று. இதையும் நானே நெருப்புல போடணுமா?" என்று கேட்டுவிட்டு மா குழைக்கப் போய்விட்டார். மூன்றாவது கட்சி நான். பெரியவர் கேட்டது எழுதிய ஆளை. எழுதிய ஆள் நான். நான் போவேன்.

இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேர்வதற்குள் திங்கட்கிழமை பழசாகிவிடும் என்று தெரியும். என்றாலும் அங்கே சொல்லப் போவதை ஒருவரிடம் சொல்லிப் பார்க்காமல் எனக்கு வராது, அதனால் உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த சிங்களம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் உள்ளதுதான். 'இது எனது பாடசாலை', 'பசு புல் தின்கிறது'. இந்த இரண்டிலிருந்து கான்பானுக்குப் போவது கடினம். ஆகவே வெறுங்கூடை ஒன்றும் அட்டை ஒன்றும் கொண்டு போவேன். கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக் காட்டி முதல் எழுத்தைச் சொல்வேன். சென்றியில் நிற்பவர்கள் நாள் முழுக்கச் செய்கிற வேலை அதுதானே, விளங்காமல் போகாது. பலகையைத் தட்டி இரண்டாவதைச் சொல்வேன். கூடை காலியானால் அட்டை திரும்பும், அட்டை வந்தால் அடுப்பு எரியும் என்று நடந்து காட்டுவேன். பிறகு இதைச் சொல்வேன். ஐயா, ஜப்பானிலிருந்து எங்கள் ஊருக்கு இரண்டு சொல் வந்திருக்கிறது. ஒன்று சுனாமி. அதை நாங்கள் யாரும் கேட்கவில்லை. மற்றது கான்பான். அது நாங்கள் கேட்டு வாங்கியது, அதை மட்டும் எங்களுக்கு விட்டுவிடுங்கள்.

ஜப்பானில் யார் என்று கேட்டால் என் மாமா என்று சொல்லப் போகிறேன். அப்பா சொன்ன பொய்யில்தான் அவருடைய அடையாள அட்டை மாட்டிக்கொண்டிருக்கிறது, இன்னொரு பொய்யால் அதை இழுத்து எடுக்க முடியாது. உங்களிடம் அனுமதி கேட்கவில்லை மாமா, அறிவிக்கிறேன். உங்களால் முடிந்தால் ஒன்று செய்யுங்கள். உங்கள் தொழிற்சாலையில் கான்பான் என்றால் என்ன, எங்கே இருந்து வந்தது என்று இங்கிலீசில் அரைப் பக்கம் எழுதி, சீல் குத்தி, சந்தியிலுள்ள கொமினிகேசன் கடையின் பெக்ஸ் மெசினுக்கு அனுப்புங்கள். பிந்தி வந்தாலும் பரவாயில்லை. இது ஒரு தரத்தோடு முடிகிற காரியம் இல்லை என்று நினைக்கிறேன்.

அவசரமாக நிறுத்த வேண்டி வந்தாலும் வரும் என்பதால் முடிவுரையை இப்போதே எழுதிவிடுகிறேன். குளிருக்குக் காது மூடிக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். தான்தோன்றீஸ்வரர் உங்களைக் காப்பாற்றட்டும். அம்மாவும் அப்பாவும் ஆசி சொன்னார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கு இந்தக் கடிதம் தெரியாது. இனி, பெரியவர் நான் சொன்ன எதையும் நம்பாமல் என்னையும் அங்கே இருக்கச் சொன்னால், பள்ளிக்கூடச் சோதனைக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது என்று சொல்லி, என் புத்தகங்களையாவது

மாமா, யாரோ கதவைத் தட்டுகிறார்கள்

பின்குறிப்பு:

ஞாயிறு பின்னேரம். மேலே எழுதியது ஒன்றையும் செய்ய வேண்டாம். கிழிக்கவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம்.

தட்டியது ஆமிதான். அந்தக் கோப்ரலும் ஒரு சிப்பாயும். சிங்களத்தைத் தமிழில் சொல்ல நித்திரையிலிருந்து எழுப்பிக் கூட்டி வந்த கோணாமலை மாமாவும். அப்பா சுவரோடு சுவராக நின்றார். நான் மா மூட்டைக்குப் பின்னாலிருந்து தலை முதல் கால் வரை வெள்ளையாக எழும்பி வந்தேன். பழகியதெல்லாம் மறந்துவிட்டது. "மே மகே பாசல" என்றேன். இது எனது பாடசாலை. கோப்ரல் எங்கள் குசினியைச் சுற்றிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "ஜப்பான்ல என்ட மாமா இருக்கார்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். கோணாமலை மாமா அதைச் சிங்களமாக்கினார். கோப்ரல் ஏதோ நீளமாகச் சொன்னார்.

"அக்கா, இவர்ர அக்கா கட்டுநாயக்கா கார்மென்ட்ல வேலையாம். அங்கயும் இந்த அட்டைதானாம். போன்ல கேட்டவராம். பெரியவருக்கும் சொல்லிட்டாராம். இப்ப..."

"இப்ப என்ன?"

"இப்ப அவங்களும் ஒரு அட்டை செஞ்சிட்டு வந்திருக்காங்க."

உண்மைதான். பிஸ்கற் பெட்டி மட்டையில் வட்டம், சுருள், அறுபது, முகாம் பக்கம் அம்புக்குறி. மேலே ஜப்பான் எழுத்தும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கண்ணுக்கு மேலே இருக்க வேண்டிய கையை விட்டுவிட்டார்கள். வெறும் கண் மட்டும் இருந்தது. விடியச் சாப்பாட்டுக்கு வேண்டுமாம். சைக்கிளைக் கொண்டு வந்திருந்தார்கள். அடையாள அட்டை வெறுங்கூடையோடு திரும்பி வரும் என்றார்கள்.

அம்மா அந்த அட்டையை வாங்கிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மூன்று ஆணியிலும் அட்டை இருந்தது. "இதுகள் முடிஞ்சாத்தான் உங்கட" என்றார்.

"அக்கா, இத நான் எப்பிடிச் சொல்ற?" என்றார் கோணாமலை மாமா.

"வாயாலதான் தம்பி. ஒரு ஆணி ஒன்டதுதானே, முந்த வேணுமெண்டா நீ விட்டுக்குடு."

கோணாமலை மாமா அவ்வளவு வேகமாக எதையும் விட்டுக்கொடுத்து நான் கண்டதில்லை. அவர் தன் அட்டையைக் கழற்றப் போனார். கோப்ரல் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, மற்ற இரண்டையும் விரலால் எண்ணிப் பார்த்து, தன் அட்டையைக் கோணாமலை மாமாவின் அட்டைக்குப் பின்னால் மாட்டிவிட்டுப் போனார். இரவு முழுக்க அம்மா பிழிந்தார், நான் அவித்தேன், அப்பா கேட்காமலே விறகு கொத்தினார். வரிசைப்படிதான் எல்லாம் போனது. காலையில் வெறுங்கூடை திரும்பி வந்தது. அடியில் வாழை இலைக்குக் கீழே அப்பாவின் அடையாள அட்டை, கொஞ்சம் தேங்காய்ப்பால் சொதி பட்டு. அதற்குக் கீழே இன்னொரு பிஸ்கற் மட்டை. நாளைக்கு எண்பது.

அப்பா அடையாள அட்டையைத் துடைத்துக்கொண்டு கூரையில் ஏறிவிட்டார். ஒழுக்கு அடைக்கிறார். நிலோஜன் அண்ணாவின் அம்மா காலையிலேயே வந்து எல்லாம் கேட்டுவிட்டுப் போனார், ஆகவே நீங்கள் தாராளமாக எவருக்கும் காட்டலாம். உங்கள் மேற்பார்வையாளருக்கு முதலில் காட்டுங்கள். காட்டிவிட்டு ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். எடுக்கிறவர் கேட்பார், செய்கிறவர் செய்வார் என்பதுதானே கான்பான். கேட்கிறவர் தோளில் துவக்கு இருந்தால், இன்றைக்கு இல்லை என்று சொல்ல ஒரு அட்டை இருக்கிறதா? இருந்தால் அது என்ன நிறம், மேலே என்ன எழுத்து? கீறி அனுப்புங்கள். அந்த மூன்று ஆணிக்கும் பக்கத்தில் நாலாவது ஆணி ஒன்று அடித்து வைத்திருக்கிறேன். அந்தப் பதிலை மட்டும் உறைக்குள் போட்டு நன்றாக ஒட்டுங்கள்.

உங்கள் மருமகள்,
கம்சாயினி